வெளியே போகும் வாசலுக்குக் காவல் எதற்கு?

11.04.2025, மாலை. தொண்டிக்காரர் கேட்டது

எங்கள் அலுவலகத்தில் 14 கம்ப்யூட்டர். ரவுட்டரில் ஃபயர்வால் இருக்கிறது. ஆண்டிவைரஸ் காசு கொடுத்து வாங்கியது. வெளியிலிருந்து ஒருவனும் உள்ளே வர முடியாது. இப்போது ஒருவர் வந்து "ப்ராக்ஸி சர்வர் வையுங்கள்" என்கிறார். நம் கம்ப்யூட்டர்களுக்குப் பதிலாக வெளியே போய்க் கேட்டு வாங்கி வரும் நடு மெஷினாம் அது. எல்லாத் தளமும் எச்டிடிபிஎஸ், அதாவது உள்ளே இருப்பதைப் பூட்டி அனுப்பும் முறை, ஆன பிறகு ப்ராக்ஸியால் எதைப் பார்க்க முடியும்? அது பிரவுசிங் சென்டர் காலத்துச் சாமான். செத்துப்போன விஷயத்துக்கு எதற்குச் செலவு? தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

11.04.2025, இரவு 10:40

பாதி சரி. செத்தது ஒரு பாதிதான்.

பிரவுசிங் சென்டர் காலத்தில் ப்ராக்ஸி வைத்ததே மிச்சம் பிடிக்க. ராமநாதபுரத்தில் நான் வேலை பார்த்த கடையில் பத்து கம்ப்யூட்டருக்கு ஒரே ஒரு மெல்லிய லைன். ஒருவன் திறந்த படம் டிஸ்க்கில் இருக்கும், அடுத்தவன் கேட்டால் அங்கிருந்தே கொடுக்கும். தேர்வு முடிவு வரும் நாளில் அதுதான் எங்களைக் காப்பாற்றியது. இன்று எல்லாம் பூட்டிய பெட்டியாகப் போகிறது. சேமித்து வைக்க ஒன்றும் இல்லை. அந்தப் பாதிக்குக் கருமாதி முடிந்துவிட்டது, ஒப்புக்கொள்கிறேன்.

மிச்சப் பாதி, யார் எங்கே போகலாம் என்பது. ராமேஸ்வரத்தில் விசைப்படகு கடலுக்குப் போக மீன்வளத் துறையிடம் டோக்கன் வாங்க வேண்டும். புயல் எச்சரிக்கை வந்தால் டோக்கன் கிடையாது. எந்தப் படகு போயிருக்கிறது என்று கரையில் ஒரு கணக்கு இருக்கும். உங்கள் 14 கம்ப்யூட்டர் டோக்கன் இல்லாமல் நாள் முழுக்கப் போய் வந்துகொண்டிருக்கின்றன. எங்கே போகின்றன என்று உங்களுக்குத் தெரியுமா?

"வெளியிலிருந்து ஒருவனும் வர முடியாது" என்றீர்கள். உண்மைதான். வர வேண்டிய தேவையே அவனுக்கு இல்லை. மெயிலில் வந்த பில்லை உங்கள் ஆள் திறக்கிறார். உள்ளே உட்கார்ந்த கிருமி தானே வெளியே போன் போடுகிறது. உள்ளேயிருந்து கிளம்பியது என்பதால் ரவுட்டர் அதைத் தடுக்காது, அதற்கு வரும் பதிலையும் தடுக்காது. வீட்டு ரவுட்டர், சின்ன அலுவலக ரவுட்டர் எல்லாம் வாங்கி வந்தபடியே இருந்தால் இப்படித்தான்.

12.04.2025, காலை

நேற்று உபதேசம் மாதிரி எழுதிவிட்டேன். நடந்ததைச் சொல்கிறேன்.

மண்டபம் பக்கம் ஒரு கம்பெனி. இறால், கணவாய் வாங்கி, சுத்தம் செய்து, ஐஸ் போட்டு வெளிநாட்டுக்கு அனுப்புகிறார்கள். நான் அங்கே முழுநேர ஆள் இல்லை. கூப்பிட்டால் போவேன். இரண்டு வருடத்துக்கு முன்னால் ஒரு நாள் முதலாளி போன். "தம்பி, நாம அனுப்புற மெயில் எதுவும் போக மாட்டேங்குது. எல்லாம் திரும்பி வருது." அங்கே எனக்கு முந்தைய ஆள் அலுவலகத்துக்குள்ளேயே ஒரு மெயில் சர்வர் வைத்துவிட்டுப் போயிருந்தார். அதற்கு மாறாத எண் முகவரி (ஐபி) ஒன்று. அந்த ஐபி, மற்ற மெயில் சர்வர்கள் பார்த்து ஒதுக்கும் கறுப்புப் பட்டியலில். காரணம்: எரிதம், அதாவது கேட்காமல் அனுப்பும் குப்பை மெயில். உங்கள் முகவரியிலிருந்து ஆயிரக்கணக்கில் கிளம்புகிறது என்கிறார்கள்.

எந்தக் கம்ப்யூட்டர்? ரவுட்டரில் பதிவே இல்லை. பகலில் எல்லோரும் வேலை செய்கிறார்கள், ஒன்றும் புரியவில்லை. இரவு ஒரு மணிக்குப் போனேன். அமோனியா வாடை, கொசு, ஐஸ் பிளாண்ட் மோட்டார் சத்தம். எல்லோரும் போயாகிவிட்டது. கம்ப்யூட்டர்களை மட்டும் அணைக்கச் சொல்லாமல் விட்டிருந்தேன். ஸ்விட்ச் முன்னால் ஸ்டூல் போட்டு உட்கார்ந்து விளக்குகளைப் பார்த்தேன். பதினொன்று சோம்பலாகச் சிமிட்டின. ஒன்று மட்டும் கரகாட்டம் ஆடியது. வயரைத் தொட்டுக்கொண்டே போனால் எடை போடும் அறை. படகு வந்ததும் எடையை ஏற்றுகிற பழைய மெஷின். அதற்கு இணையமே தேவையில்லை! தராசுக்கும் உள்ளே இருக்கிற கணக்கு சர்வருக்கும் பேசினால் போதும். யாரோ பென்டிரைவில் பாட்டு கொண்டுவந்திருக்கிறார்கள்.

கறுப்புப் பட்டியலிலிருந்து வெளியே வர நான்கு நாள். அந்த நான்கு நாளும் முதலாளி தன் சொந்த மெயிலிலிருந்து வாங்குபவருக்கு எழுதினார். "இது உண்மையிலேயே நீங்கள்தானா?" என்று அவர்கள் போன் செய்து கேட்டார்கள்.

அதற்குப் பிறகுதான் ப்ராக்ஸி.

12.04.2025, மதியம்

கீழக்கரைக் காக்கா (அங்கே அண்ணனை அப்படித்தான் கூப்பிடுவார்கள்) என் தப்பைப் பிடித்துவிட்டார். "உங்க கதையில வர்ற வில்லன் போர்ட் 25 வழியா போறவன். ப்ராக்ஸி அவனை எப்படித் தடுக்கும்?" என்கிறார்.

தடுக்காது. போர்ட் என்பது எண் போட்ட வாசல், 25 மெயில் போகும் வாசல். நான் தப்பாக அடுக்கிவிட்டேன். ப்ராக்ஸியை மட்டும் கொண்டுவந்து வைத்திருந்தால் எடை மெஷின் அதே கரகாட்டத்தைத் தொடர்ந்து ஆடியிருக்கும். ப்ராக்ஸி என்பது பக்கத்தில் திறந்து வைத்த ஒரு வாசல். அந்த வழியாகத்தான் போக வேண்டும் என்று கிருமிக்கு என்ன கட்டாயம்?

ஆகவே முதலில் சுவர். உள்ளே இருக்கும் எந்த மெஷினும் நேராக வெளியே போகக் கூடாது என்று ஃபயர்வாலில் அடைத்துவிட வேண்டும். அப்புறம் ஓட்டை போட வேண்டும், எண்ணி எண்ணி. இணையத் தளங்களுக்கான 80, 443 போர்ட்டுக்கு ப்ராக்ஸி பெட்டி மட்டும். 25-க்கு மெயில் சர்வர் மட்டும். தளத்தின் பெயருக்கு எண் முகவரி தேடும் டிஎன்எஸ், நேரம் சரிபார்க்கும் 123, இரண்டும் அந்தப் பெட்டி வழியாக. மற்றதெல்லாம் சுவரில் முட்டும். முட்டினால் சுவர் எழுதி வைக்கும். அந்தப் பதிவு அன்றைக்கு இருந்திருந்தால் நான் இரவு ஒரு மணிக்கு ஸ்டூலில் உட்கார்ந்திருக்க வேண்டாம்.

சுவர் இல்லாத ப்ராக்ஸி வெறும் வேண்டுகோள். தொண்டிக்காரரிடம் வந்த ஆள் சுவரைப் பற்றிப் பேசினாரா என்று கேளுங்கள். பேசவில்லை என்றால் டீ கொடுத்து அனுப்பிவிடுங்கள்.

12.04.2025, இரவு

டிஎன்எஸ் பற்றி ஒரு வரி விட்டுப்போனது. பிரவுசரில் ப்ராக்ஸி முகவரியைக் கொடுத்துவிட்டால் வெளித் தளங்களின் பெயரை அது தேடவே தேடாது. பெயரை அப்படியே ப்ராக்ஸியிடம் கொடுக்கும், ப்ராக்ஸி தேடிக்கொள்ளும். அதனால் மேசைக் கம்ப்யூட்டர்களுக்கு வெளி டிஎன்எஸ்ஸை முழுக்க அடைக்கலாம். டிஎன்எஸ் கேள்விக்குள்ளேயே தரவை ஒளித்துக் கடத்தும் வித்தை ஒன்று உண்டு. அதற்கும் வழி அடைபடும். இதை நான் ஒரு வருடம் கழித்துத்தான் புரிந்துகொண்டேன்.

13.04.2025

என்ன மெஷின், எவ்வளவு செலவு என்று மூன்று பேர் கேட்டாயிற்று. கணக்குப் பிரிவில் கழித்துப் போட்ட கம்ப்யூட்டர், 4 ஜிபி மெமரி, இரண்டாவது நெட்வொர்க் கார்டு ஒன்று வாங்கிச் செருகியது. டெபியன் லினக்ஸ் இயங்குதளம், அதன் மேல் ஸ்குவிட் என்ற ப்ராக்ஸி. 1996-இல் வெளிவந்த மென்பொருள், இலவசம். வழக்கமாக 3128 போர்ட்டில் காத்திருக்கும். பதினைந்து இருபது பேருக்கு இது தாராளம்.

யார் எங்கே போகலாம் என்று நாம் எழுதும் விதிகளை ஸ்குவிட் மேலிருந்து கீழே படிக்கும். முதலில் பொருந்துவது எதுவோ அதுதான் தீர்ப்பு, மிச்சத்தைப் பார்க்காது. நான் முதல் நாள் "எல்லாவற்றையும் மறு" என்ற வரியை மேலே போட்டுவிட்டு அனுமதிகளைக் கீழே அழகாக அடுக்கினேன். அன்று காலை பத்து மணிக்கு முதலாளி சொன்னதை இங்கே எழுத முடியாது.

இன்னொரு குழி இருக்கிறது. எந்த விதியும் பொருந்தவில்லை என்றால் ஸ்குவிட் கடைசி வரிக்கு நேர் எதிராக நடக்கும். கடைசி வரி யாரோ சிலருக்கு மட்டுமான மறுப்பாக இருந்தால், பட்டியலில் சிக்காதவன் அனுமதி வாங்கிவிடுவான். ஆகவே கடைசி வரி எப்போதும், யோசிக்காமல், "எல்லோருக்கும் மறுப்பு". அதன் பிறகு மேலே சொன்ன எதிர்மறைக்கு இடமே வராது.

கனெக்ட் என்றொரு கட்டளை. எச்டிடிபிஎஸ் தளத்துக்குப் போக பிரவுசர் ப்ராக்ஸியிடம் "இந்த இடத்துக்கு இந்தப் போர்ட்டில் குழாய் போட்டுக் கொடு" என்று கேட்கும். அதை 443-க்கு மட்டும் என்று கட்ட வேண்டும். ஸ்குவிட்டோடு வரும் அமைப்புக் கோப்பில் இந்த வரி ஏற்கெனவே உண்டு. "எதற்கு இது" என்று அழித்துவிடாதீர்கள். இதோடு, அனுமதித்த போர்ட்டுகளின் பட்டியல் வரியையும் அழித்தால் 25-க்கும் குழாய் கேட்கலாம். சுவரிலும் அந்தப் பெட்டிக்கு 25 திறந்திருந்தால், சுவரைத் தாண்ட முடியாத எரிதம் உங்கள் ப்ராக்ஸி முதுகில் ஏறிப் போகும்.

பெட்டி உள்பக்கக் கார்டில் மட்டும் காது கொடுக்க வேண்டும். சோதனைக்காக ஒரு ராத்திரி இரண்டு பக்கமும் திறந்து, எல்லோருக்கும் அனுமதி என்று விட்டுவிட்டு, சாப்பிடப் போனவன் மறந்து தூங்கிவிட்டேன். காலையில் பார்த்தால் பதிவுக் கோப்பு வீங்கியிருக்கிறது. எங்கெங்கோ இருப்பவர்கள் மண்டபம் வழியாக எங்கெங்கோ போகிறார்கள். நானே ஒரு கள்ளத்தோணித் துறை நடத்தியிருக்கிறேன்.

14.04.2025

புத்தாண்டு வாழ்த்து. மாங்காய்ப் பச்சடி முடிந்தது. நாளையிலிருந்து மீன்பிடித் தடைக்காலம், ஜூன் 14 வரை 61 நாள். விசைப்படகெல்லாம் கரையில். கம்பெனியில் கூட்டம் குறையும். இந்த மாதிரி வேலைக்கு இதைவிட நல்ல நேரம் கிடையாது.

முதலாளியிடம் மென்பொருளின் பெயரைச் சொன்னது நினைவு வருகிறது.

"பேரு என்னன்னு சொன்ன?"

"ஸ்குவிட் சார்."

"கணவாயா?"

"ஆமா சார்."

"கணவாய் விக்கிற கம்பெனிக்குக் கணவாயையே காவல் வைக்கிறியா? நல்லா இருக்குப்பா."

அன்றிலிருந்து அந்தப் பெட்டிக்கு அங்கே "கணவாய்" என்றுதான் பெயர். நெட் வரவில்லை என்றால் "கணவாயைப் பாரு" என்பார்கள்.

14.04.2025, மதியம்

பாம்பனிலிருந்து ஒரு அண்ணன் திருத்துகிறார். ஸ்குவிட் என்பது ஊசிக் கணவாய், ஓட்டுக் கணவாய் வேறு, விலையும் வேறு என்று. ஏற்றுக்கொண்டேன். ஆனாலும் பெட்டி ஓட்டோடுதான் இருக்கிறது அண்ணே.

16.04.2025

தடைப் பட்டியலா, அனுமதிப் பட்டியலா?

கெட்ட தளங்களின் பட்டியலை இறக்கிப் போட்டால் போதும் என்று நினைத்துத்தான் ஆரம்பித்தேன். லட்சக்கணக்கான பெயர்கள். நேற்றுப் பதிவு செய்து இன்று திறந்த தளம் எந்தப் பட்டியலிலும் இருக்காது. கிருமிக்காரன் பயன்படுத்துவது அந்த மாதிரித் தளத்தைத்தான். ஆகவே இப்போது ஆளுக்கு ஒரு மாதிரி. எடை போடும் அறை, பேக்கிங் லேபிள் அச்சடிக்கும் மெஷின் இரண்டுக்கும் வெளியே ஒன்றுமே கிடையாது. கணக்குப் பிரிவின் மூன்று மெஷினுக்கு அனுமதிப் பட்டியல். மேலாளர் அறைக்கும் முதலாளிக்கும் தடைப் பட்டியல். முதலாளியிடம் அனுமதிப் பட்டியல் பேசிப் பாருங்கள், அப்புறம் சொல்லுங்கள்.

பட்டியலை மனசிலிருந்து எழுத முடியாது. நான் எழுதினேன்: ஜிஎஸ்டி, வங்கி, சுங்கம், மெயில், கப்பல் நிறுவனத் தளம். ஐந்து பெயர். முதல் நாளே ஜிஎஸ்டி தளம் எலும்புக்கூடு மாதிரி வந்து நின்றது. படம், எழுத்துரு, பொத்தான் எல்லாம் வேறு வேறு பெயர்களிலிருந்து வருகின்றன. வங்கித் தளம் திறந்து பாதியில் உறைந்தது. தளத்தின் அடையாளச் சான்றிதழ் இன்னும் செல்லுபடியாகிறதா என்று சரிபார்க்கும் முகவரிகள் வேறு. விண்டோஸ் அப்டேட் ஒரு பக்கம். ஆண்டிவைரஸ் தன் புதுப்பிப்பை வாங்க முடியாமல் நின்றது. அதாவது பாதுகாப்புக்காக வைத்த பூட்டு, பாதுகாப்பையே பட்டினி போட்டது.

சரியான வழி: இரண்டு வாரம் எல்லாவற்றையும் திறந்துவிட்டு, எழுத மட்டும் சொல்லுங்கள். மாதக் கடைசியும் ஜிஎஸ்டி கெடு நாளும் அந்த இரண்டு வாரத்துக்குள் வர வேண்டும். அப்புறம் பதிவிலிருந்து பெயர்களைப் பொறுக்கிப் பட்டியல் போடுங்கள். பெயருக்கு முன்னால் ஒரு புள்ளி வைத்தால் அதன் கிளைப் பெயர்களும் சேர்ந்து வரும். அந்தப் புள்ளி இல்லாமல் நான் ஒரு மதியம் தொலைத்தேன்.

டிஜிட்டல் கையொப்ப யுஎஸ்பி சாவி வைத்திருப்பவர்களுக்குத் தனியாக ஒரு எச்சரிக்கை. எங்களிடம் இருந்த கையொப்பச் செயலி விண்டோஸில் கொடுத்த ப்ராக்ஸி அமைப்பைப் படிக்கவே இல்லை. நேராக வெளியே போகப் பார்த்துச் சுவரில் முட்டியது. திரையில் "கையொப்பம் தோல்வி" என்று மட்டும் வந்தது. சாவி கெட்டுவிட்டது என்று புதுச் சாவிக்கு விண்ணப்பிக்கும் வரை போய்விட்டோம். சுவரின் பதிவைப் பார்த்திருந்தால் இரண்டு நிமிடம். அந்தச் செயலியின் அமைப்பில் ப்ராக்ஸியைத் தனியாகக் கொடுத்ததும் சரியானது.

19.04.2025

தொண்டிக்காரரின் அசல் கேள்விக்கு இப்போதுதான் வருகிறேன்: எச்டிடிபிஎஸ் ஆன பிறகு எதைப் பார்க்க முடியும்?

பூட்டி அனுப்பிய பெட்டிக்குள் என்ன என்று தெரியாது. யார், எந்தத் தளத்துக்கு, எத்தனை மணிக்கு, எவ்வளவு அனுப்பினார் என்பது தெரியும். கூரியர் கவரின் முகவரியும் எடையும் மாதிரி. எனக்கு அது போதும். இரவு மூன்று மணிக்குக் கணக்கு மெஷின் பெயர் தெரியாத ஒரு தளத்துக்கு 2 ஜிபி அனுப்பினால் உள்ளே என்ன இருந்தது என்று நான் பிரித்துப் பார்க்கத் தேவையில்லை.

"பிரித்தும் பார்க்கலாமே, ஸ்குவிட்டில் அதற்கு வழி இருக்கிறதே" என்று ஒருவர். இருக்கிறது. ப்ராக்ஸி நடுவில் உட்கார்ந்து, தானே ஒரு போலிச் சான்றிதழ் அச்சடித்துக் காட்டும். அதை நம்பும்படி எல்லா மெஷினிலும் உங்கள் மூலச் சான்றிதழை ஏற்ற வேண்டும். நான் நான்கு நாள் செய்து பார்த்தேன். தன் சான்றிதழைத் தவிர வேறு எதையும் ஏற்காத செயலிகள் உடனே நின்றன. மூன்றாவது நாள் சோதனைக்காகத் திறந்து பார்த்தபோது, கணக்கில் இருக்கும் அக்கா வங்கித் தளத்தில் தட்டியது எல்லாம் என் கண் முன்னால் ஓடியது. கடவுச்சொல் உட்பட. எனக்கு வியர்த்துவிட்டது. அந்தப் பெட்டியை ஒருவன் பிடித்தால் கம்பெனியையே பிடித்த மாதிரி. நான்காவது நாள் எடுத்துவிட்டேன். பெரிய நிறுவனங்கள் செய்கின்றன, வங்கி, மருத்துவமனைத் தளங்களுக்கு விலக்கு வைத்துச் செய்கின்றன, அதைப் பார்த்துக்கொள்ள ஆளும் வைத்திருக்கின்றன. கூப்பிட்டால் வருகிற என்னை வைத்துக்கொண்டு செய்யக் கூடாது.

இதற்கு விலை உண்டு என்பதையும் சொல்லிவிடுகிறேன். பொதுவான சேமிப்புத் தளம் ஒன்றை அனுமதித்தால், திருடனும் அதே தளத்தில் ஒரு கணக்குத் திறந்து அங்கேயே கொட்டலாம். முகவரி சுத்தமாக இருக்கும். எடைதான் காட்டிக்கொடுக்கும், அதுவும் யாராவது பார்த்தால்.

20.04.2025

நேற்று பின்னூட்டத்தில் "தளத்தின் பெயரை எஸ்என்ஐ பார்த்து ப்ராக்ஸி கண்டுபிடிக்கிறது" என்று அவசரத்தில் எழுதினேன். எஸ்என்ஐ என்பது, பூட்டுவதற்கு முன் பிரவுசர் திறந்தபடி சொல்லும் தளப் பெயர். நான் எழுதியது தவறு. பிரவுசரில் ப்ராக்ஸி முகவரி கொடுத்திருந்தால் கனெக்ட் கட்டளையிலேயே பெயர் வந்துவிடும். எஸ்என்ஐயை நம்ப வேண்டியது, யாருக்கும் தெரியாமல் வழிமறிக்கும் ஒளிவு ப்ராக்ஸியில்தான். அந்த வகையில் கடவுச்சொல் கேட்கவும் முடியாது. தான் ப்ராக்ஸியிடம் பேசுகிறோம் என்றே பிரவுசருக்குத் தெரியாதே. மேலும் எஸ்என்ஐயையே மறைத்து அனுப்பும் முறை பரவிக்கொண்டிருக்கிறது. ஆகவே வெளிப்படையாகச் சொல்லி வைப்பதே நல்லது. லாட்ஜ், வைஃபை கடை வைத்திருப்பவர்களுக்கு அது நடக்காது என்பது வேறு விஷயம். வருகிறவன் போனில் நீங்கள் என்ன அமைப்பை மாற்ற முடியும்?

02.05.2025

சுவர்ப் பதிவில் முதலிடம் யாருக்கு என்று ஒருவர் கேட்டிருந்தார். எங்கள் கம்பெனியில் முதலிடம் கேமரா பெட்டிக்கு.

கேமரா பதிவு செய்யும் டிவிஆர். யாரையும் கேட்காமல் நிமிடத்துக்கு நிமிடம் எங்கோ போய் "நான் இருக்கிறேன்" என்று சொல்லிக்கொண்டே இருந்தது. கிருமி இல்லை, அதைச் செய்து விற்றவன் வைத்த வழி. போனிலிருந்து கேமரா பார்க்கும் வசதி அப்படித்தான் நடக்கிறது. ஆனால் 2016-இல் மிராய் என்ற கிருமி இந்த மாதிரி டிவிஆர்களையும் கேமராக்களையும்தான் ஆலைக் கடவுச்சொல்லை வைத்தே பிடித்துப் படை திரட்டியது. அதனால் அடைத்தேன். சென்னையிலிருந்து முதலாளி போன்: "இறால் இறக்குறதைப் பாக்க முடியலையே?" அவருக்குத் தெரிய வேண்டியது இறால். சரி என்று அவர் போனுக்கு ஒரு விபிஎன், அதாவது வெளியிலிருந்து அலுவலகத்துக்குள் வரும் பூட்டிய வழி, போட்டுக் கொடுத்தேன். இப்போது அவர் உள்ளே வந்து கேமராவைப் பார்க்கிறார், கேமரா வெளியே போவதில்லை. முதல் வாரம் விபிஎன் பொத்தானை அழுத்த மறந்துவிட்டுத் தினமும் என்னைத் திட்டினார்.

இரண்டாமிடம் யுடிபி 443. க்விக் என்கிற நெறிமுறை, வழக்கமான டிசிபிக்குப் பதில் யுடிபி என்ற வேறு முறையில் போவது. ப்ராக்ஸி முகவரி கொடுக்காத குரோம் சில தளங்களுக்கு இதில்தான் போகப் பார்க்கும். ஒளிவு ப்ராக்ஸி வைத்தவர்கள் இதை அடைக்காமல் விட்டால் பாதிப் போக்குவரத்து ப்ராக்ஸிக்குத் தெரியாமல் போய்க்கொண்டிருக்கும். அடைத்தால் பிரவுசர் முகம் சுளிக்காமல் பழைய டிசிபி வழிக்குத் திரும்பிவிடும்.

09.05.2025

இதை எழுதலாமா என்று ஒரு வாரம் யோசித்தேன்.

பதிவு, பதிவு என்று இவ்வளவு பெருமையாகச் சொன்னேனே. போன வருடம் பட்டியல் தயாரிக்க ஒவ்வொரு வரியாகப் படித்துக்கொண்டிருந்தேன். ஸ்குவிட் நேரத்தை 1970 ஜனவரி 1-லிருந்து எத்தனை விநாடி என்று எழுதும். அதை மணியாக மாற்றி, மெஷின் வாரியாகப் பிரித்து, காரியமாக இருந்தேன். ஒரு மெஷினில் தினமும் மதியச் சாப்பாட்டு நேரத்தில் மதுரை மருத்துவமனைகள். ஒன்றில்லை, நான்கைந்து. அப்புறம் ஒரு நோயின் பெயர் உள்ள தளம். பெட்டியைப் பிரிக்கவே இல்லை, முகவரி மட்டும்தான். அதுவே எல்லாவற்றையும் சொல்லிவிட்டது. யார் மெஷின் என்று எனக்குத் தெரியும். அவர் யாரிடமும் சொல்லவில்லை என்பதும் தெரியும். அடுத்த முறை அங்கே போனபோது அவர் முகத்தைப் பார்க்க முடியவில்லை.

இரண்டு வாரம் கழித்து மேலாளர், "யார் யார் எவ்வளவு நேரம் வெட்டியா நெட் பாக்குறாங்கன்னு ஒரு லிஸ்ட் குடுப்பா" என்றார். எடுக்க ஐந்து நிமிடம்தான் ஆகும். "அப்படி எடுக்க வராது சார்" என்று பொய் சொன்னேன்.

அதன் பிறகு மாற்றியது: வாரா வாரம் எனக்கு வரும் அறிக்கையில் மறுக்கப்பட்டவை மட்டும். கூடவே, வழக்கத்துக்கு மிஞ்சி வெளியே அனுப்பிய மெஷின்கள். அனுமதிக்கப்பட்டவை கோப்பில் கிடக்கும், நான் திறப்பதில்லை. அழிக்கவும் முடியாது. இணையப் பாதுகாப்புக்கான மத்திய அரசு அமைப்பு செர்ட்-இன் 2022 ஏப்ரலில் போட்ட உத்தரவு, பதிவுகளை 180 நாள் வைத்திருக்கச் சொல்கிறது. 180 நாள் ஆனதும் தானாக அழியும்படி வைத்திருக்கிறேன். அலுவலகத்தில் "இங்கே போக்குவரத்து பதிவாகிறது, சொந்த விஷயத்துக்கு உங்கள் போனைப் பயன்படுத்துங்கள்" என்று தமிழில் அச்சடித்து ஒட்டினேன். முதல் நாளே ஒட்டியிருக்க வேண்டும்.

காக்கா கேட்கிறார், பொய் சொன்னது சரியா என்று. தெரியவில்லை காக்கா. திரும்பக் கேட்டாலும் அதையேதான் சொல்வேன்.

17.06.2025

தடைக்காலம் முடிந்து படகுகள் நிறைந்து திரும்பிய முதல் நாள், கணவாய் செத்தது. மென்பொருள் இல்லை, பெட்டி.

கடலிலிருந்து இருநூறு மீட்டரில் இருக்கிற கட்டடம். உப்புக் காற்று எல்லாவற்றையும் தின்னும். நெட்வொர்க் வயரின் ஆர்ஜே-45 முனைகள் பச்சை பூத்துப்போகும், நான் வருடத்துக்கு இரண்டு முறை மாற்றுகிறேன். இந்த முறை மதர்போர்டையே தின்றுவிட்டது. வாசலில் லாரி நிற்கிறது, ஆவணம் ஏற்ற வேண்டும், வெளியே போக வேறு வழி இல்லை. வழியை எல்லாம் அடைத்தவனே நான்தான்.

1988-இல் சாலைப் பாலம் வரும் வரை ராமேஸ்வரம் தீவுக்கு ரயில் பாலம் ஒன்றுதான். 1964 டிசம்பர் புயலில் அது சிதைந்தபோது ரயில்வே பொறியாளர் ஸ்ரீதரன் தலைமையில் 46 நாளில் சரிசெய்தார்கள். எனக்கு ஐந்து மணி நேரம் ஆனது. முதலாளி பார்த்த பார்வைக்கு 46 நாளே மேல்.

"சுவரைக் கொஞ்ச நேரம் திறந்துவிடு" என்று அவர் மூன்று முறை சொன்னார். மூன்றாவது முறை திறந்துவிட்டேன். ஏற்றுமதிப் பிரிவின் ஒரே ஒரு மெஷினுக்கு, 443 மட்டும், மாலை வரை. இதைத் தோல்வி என்று சிலர் சொல்வார்கள். லாரியில் கிடப்பது கணவாய், ஐஸ் உருகும்.

இப்போது இரண்டாவது பெட்டி இருக்கிறது, அதே அமைப்போடு. பிரவுசர்களுக்கு வழி சொல்லும் பிஏசி கோப்பில் முதல் பெட்டி, இல்லையென்றால் இரண்டாவது என்று எழுதியாயிற்று. மூன்றாவதாக "நேராகப் போ" என்று எழுதாதீர்கள். எழுதினாலும் சுவர் தடுக்கும், ஆனால் எதற்கு ஆசை காட்ட வேண்டும்? அமைப்புக் கோப்பின் நகல் பென்டிரைவில், பென்டிரைவ் ஊறுகாய் பாட்டிலில், பாட்டில் அலுவலக பீரோவில். சிரிக்காதீர்கள், மூடி இறுக்கமான பாட்டிலுக்குள் உப்புக் காற்று போகாது.

21.06.2025

தொண்டிக்காரர் வந்துவிட்டார். சுவரும் ப்ராக்ஸியும் வைத்து, சொன்னபடி பத்து நாளாக எழுத மட்டும் விட்டிருக்கிறார். அவர் எழுதியது: "14 மெஷினில் 13 ஒழுங்காக இருக்கின்றன. ஒன்று மட்டும் இரவு பகல் பார்க்காமல் பதினைந்து நிமிடத்துக்கு ஒரு முறை ஒரே எண் முகவரிக்குப் போகிறது. பெயர் இல்லை, வெறும் எண். அது என்னுடைய மெஷின்."

அண்ணே, காசு கொடுக்காமல் பூட்டு உடைத்துப் போட்ட மென்பொருள் எதுவும் அதில் இருக்கிறதா? பதிலை இங்கே எழுத வேண்டாம்.

இப்போது செய்ய வேண்டியது: வயரைப் பிடுங்குங்கள், மெஷினை அணைக்காதீர்கள். ப்ராக்ஸி பதிவையும் சுவர்ப் பதிவையும் வேறு இடத்துக்கு நகலெடுங்கள். வங்கிக் கடவுச்சொல்லை வேறு மெஷினிலிருந்து மாற்றுங்கள், அந்த மெஷினிலிருந்து வேண்டாம். நான் நாளை மதியம் தொண்டிப் பக்கம் வருகிறேன்.

21.06.2025, இரவு

கூலி எவ்வளவு என்கிறார் தொண்டிக்காரர். ஒரு கம்ப்யூட்டர் வேலைதானே அண்ணே, ஒரு பைசா வேண்டாம். நண்டு இருந்தால் போதும்.